பிரிவியூவில் பார்க்கலாம், பிரிண்ட் எடுக்கக் கூடாது: பூட்டை எங்கே போடுவது?

வாசகர் கேள்வி

வணக்கம். எங்கள் நிறுவனத்தின் சம்பள மென்பொருளை நான்தான் பராமரிக்கிறேன். சி ஷார்ப்பில் எழுதிய விண்டோஸ் மென்பொருள். சம்பளச் சீட்டு பழைய பிரிண்ட்பிரிவியூடயலாக் (அச்சுக்கு முன் பக்கத்தைத் திரையில் காட்டும் ஆயத்தச் சாளரம்) வழியாகத் திறக்கிறது. மாதாந்திரச் சம்பளப் பட்டியல் மைக்ரோசாஃப்ட் ரிப்போர்ட்வியூவர் என்ற, அறிக்கை காட்டும் கருவியில் வருகிறது. கணக்குப் பிரிவில் எல்லோரும் பார்க்கலாம், ஆனால் இரண்டு பேர் மட்டும்தான் பிரிண்ட் எடுக்க வேண்டும், அதுவும் ஒரு சீட்டை ஒரு முறைதான் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. டூல்பாரில் 'பிரிண்ட்' என்ற எழுத்துள்ள பட்டனைத் தேடிப் பிடித்து மறைத்தேன். ஒரு கணினியில் விண்டோஸ் வேறு மொழியில் இருக்கிறது. அங்கே மட்டும் பட்டன் அப்படியே தெரிகிறது. பட்டன் மறைந்த கணினிகளிலும் சிலர் எக்செலுக்கு எக்ஸ்போர்ட் செய்து அங்கிருந்து பிரிண்ட் எடுக்கிறார்கள். ஸ்க்ரீன்ஷாட்டையும் தடுக்க முடியுமா என்று மேலாளர் கேட்கிறார். பிரிவியூ சாளரத்தை எப்படி மாற்றி அமைப்பது சரி? பிடிஎஃப் ஆக்கிப் பாஸ்வேர்டு போட்டால் போதுமா?

பதில்

வணக்கம். அந்த வேறு மொழிக் கணினியின் புதிரை முதலில் முடித்துவிடுவோம். பிரிண்ட்பிரிவியூடயலாக்கின் டூல்பாரில் இருக்கும் எழுத்துகள், சி ஷார்ப் மென்பொருள் ஓடும் டாட்நெட் தளத்தோடு வருபவை. கணினியின் மொழிக்கு ஏற்ப அவையும் மாறும். ஆங்கில எழுத்தைத் தேடுகிற உங்கள் கோட் அங்கே எதுவும் கிடைக்காமல் சத்தமில்லாமல் அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. பிழைச் செய்தி வராததால் உங்களுக்கும் தெரியவில்லை. எழுத்துக்குப் பதிலாக 'முதல் பட்டன்' என்று வரிசை எண்ணால் பிடிப்பவர்களும் உண்டு. அதையும் நம்ப முடியாது. அந்த டூல்பார் டயலாக்கின் உள்பாகம், வெளியாருக்கென்று கொடுத்தது கிடையாது. டாட்நெட் 1.1-இல் அது டூல்பார் என்ற பழைய கன்ட்ரோல் (திரைக் கூறு). 2005-இல் வந்த 2.0-இல் டூல்ஸ்ட்ரிப் ஆகிவிட்டது. பழையதை நம்பி எழுதிய கோட் அப்போதே செல்லாமல் போனது. அடுத்த மாற்றம் எப்போது என்று யாரும் உங்களுக்குச் சொல்லிவிட்டுச் செய்யப் போவதில்லை.

பட்டனை ஒழுங்காக மறைப்பது எப்படி என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் மென்பொருளிலிருந்து காகிதத்துக்குப் போகும் வழிகள் எத்தனை என்று உட்கார்ந்து எண்ணுங்கள். டூல்பார் பட்டன் ஒன்று. ரிப்போர்ட்வியூவரில் வலது க்ளிக் செய்தால் வரும் மெனு ஒன்று. எக்ஸ்போர்ட் ஒன்று. எங்கேயாவது ஒரு திரையில் யாரோ வைத்துவிட்டுப் போன கன்ட்ரோல்-பி இருக்கலாம். பிரிவியூ இல்லாமலே நேராக அச்சிடும் பழைய மெனு ஐட்டம், எல்லாச் சீட்டையும் மொத்தமாக அடிக்கும் மாதக் கடைசித் திரை, இவையும் பெரும்பாலும் இருக்கும். பட்டனை மறைப்பது கதவுக்கு முன்னால் திரை தொங்கவிடுவது மாதிரி. பின்னால் கதவு திறந்தேதான் இருக்கிறது. இத்தனை வழிகளும் கடைசியில் எந்த இடத்தில் சேர்கின்றன என்று பார்த்து, அனுமதிச் சோதனையை அந்த இடத்தில் வைக்க வேண்டும். பிரிவியூ சாளரம் அந்தச் சோதனையின் முடிவைக் காட்டினால் போதும், முடிவை அது எடுக்கக் கூடாது.

சம்பளச் சீட்டைப் பொறுத்தவரை அந்த இடம் கையருகிலேயே இருக்கிறது: அச்சுக்கான ஆவணமாகிய பிரிண்ட்டாக்குமென்ட்டின் பிகின்பிரிண்ட் ஈவென்ட், அதாவது ஆவணம் ஓடத் தொடங்கும்போது உங்கள் கோடைக் கூப்பிடும் நிகழ்வு. பிரிவியூவில் பிரிண்ட் பட்டனை அழுத்தினால், திரையில் ஏற்கெனவே வரைந்து வைத்த பக்கங்கள்தான் பிரிண்டருக்குப் போகின்றன என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. பிரிவியூ திறக்கும்போது ஆவணம் ஒரு முறை முழுதாக ஓடுகிறது. பட்டனை அழுத்தும்போது முதல் பக்கத்திலிருந்து மறுபடி ஓடுகிறது. இரண்டு முறையும் பிகின்பிரிண்ட் எழும். எதற்காக ஓடுகிறது என்பதை அந்த ஈவென்ட்டே உங்களிடம் சொல்லும். பிரிண்ட்ஆக்ஷன் என்ற பண்பைப் பாருங்கள், அதற்கு மூன்று மதிப்புகள்: பிரிண்ட்டுபிரிவியூ, பிரிண்ட்டுபிரிண்டர், பிரிண்ட்டுஃபைல்.

அங்கே எழுத வேண்டியது நாலு வரிதான். 'பிரிண்ட்ஆக்ஷன் பிரிவியூ இல்லையென்றால், இந்த யூசருக்கு அச்சு அனுமதி உண்டா என்று கேள்; இல்லையென்றால் கேன்சலை ட்ரூ ஆக்கு.' நிபந்தனையை இந்த வடிவத்திலேயே வையுங்கள். 'பிரிண்டராக இருந்தால் தடு' என்று எழுதினால், டயலாக்கில் 'பிரிண்ட் டு ஃபைல்' என்ற பெட்டியை டிக் செய்தவர் மூன்றாவது மதிப்போடு நழுவிப் போய்விடுவார். பிரிவியூவை மட்டும் அனுமதித்து மற்ற எல்லாவற்றையும் சோதியுங்கள். நாளைக்கு யாராவது புதிய திரை எழுதி வேறு ஏதோ பட்டனிலிருந்து பிரிண்ட்டைக் கூப்பிட்டாலும் இதே ஈவென்ட் வழியாகத்தான் போயாக வேண்டும்.

இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. ஆக்ஷனைப் பார்க்காமல் பிகின்பிரிண்ட்டில் 'அச்சான எண்ணிக்கை'யைக் கூட்டினால், வெறுமனே பிரிவியூ பார்த்தாலே கணக்கு ஏறும். 'பிரிண்ட்டே எடுக்கவில்லை, எடுத்துவிட்டாய் என்கிறது' என்று யூசர் புகார் சொல்லும்போது அவர் சொல்வது உண்மையாகவே இருக்கும். இன்னொன்று எண்ட்பிரிண்ட். பெயரைப் பார்த்து 'அச்சு முடிந்தது' என்று நினைத்து அதில் பதிவு போடுகிறோம். ஆனால் அச்சு ரத்தானாலும், இடையில் பிழை வந்து நின்றாலும் அந்த ஈவென்ட் எழும். அதில் எழுதும் பதிவு, கேன்சல் ஆனதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.

சரி, இப்போது சாளரம். பிரிண்ட்பிரிவியூடயலாக்கைப் பிரித்து ஒட்ட வேண்டாம். அதற்குள் பக்கத்தைக் காட்டும் வேலையைச் செய்வது பிரிண்ட்பிரிவியூகன்ட்ரோல் என்ற தனிக் கன்ட்ரோல். அதை நீங்களே ஒரு ஃபார்மில் போட்டுக்கொள்ளலாம். அதோடு டூல்பார் எதுவும் வராது. வெறும் பக்கம் மட்டும்தான். டாக்குமென்ட் பண்பில் உங்கள் ஆவணத்தைக் கொடுங்கள். பெரிதாக்க ஜூம், முன்பின் பக்கம் போக ஸ்டார்ட்பேஜ், இரண்டு பக்கம் சேர்த்துக் காட்ட காலம்ஸ், இவ்வளவு தெரிந்தால் போதும். 'முந்தைய பக்கம்', 'அடுத்த பக்கம்', 'பெரிதாக்கு', 'மூடு', அனுமதி உள்ளவர்களுக்கு 'அச்சிடு' என்று உங்கள் சொந்தப் பட்டன்களை வைத்துக்கொள்ளுங்கள். எந்த மொழி விண்டோஸிலும் அது உங்கள் ஃபார்ம்தான், நீங்கள் வைத்த பெயர்தான். ஒரு நாள் வேலைகூட இருக்காது. இருக்கிற டயலாக்கை வளைத்துப் போட்ட கோட் பின்னால் கேட்கும் நேரம் அதைவிட அதிகம்.

பட்டனை மறைக்கலாமா, மங்கலாக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். எப்போதுமே அச்சு அனுமதி கிடையாதவருக்குப் பட்டனே வேண்டாம். அனுமதி உள்ளவர், ஆனால் இந்தச் சீட்டு ஏற்கெனவே அச்சாகிவிட்டது என்றால் பட்டன் தெரிய வேண்டும், காரணமும் தெரிய வேண்டும். விண்டோஸ் ஃபார்ம்ஸில் மங்கலாக்கிய பட்டன் மேல் மவுஸை வைத்தால் டூல்டிப் வராது. காரணத்தை டூல்டிப்பில் எழுதிவிட்டு அது யாருக்கும் தெரியாமல் போன மென்பொருட்கள் நிறைய. பட்டன் பக்கத்திலேயே ஒரு லேபிள் வைத்து எழுதுங்கள்: 'இந்தச் சீட்டு 3-ஆம் தேதி காலை 10.40-க்கு அச்சானது. மறுபிரதிக்கு மேற்பார்வையாளர் ஒப்புதல் தேவை.' இந்த இரண்டு வாக்கியம் இல்லாவிட்டால் அவர் பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, மென்பொருள் கெட்டுவிட்டது என்று உங்களைத்தான் கூப்பிடுவார்.

ரிப்போர்ட்வியூவரில் நிலைமை இன்னும் எளிது. ஷோபிரிண்ட்பட்டன், ஷோஎக்ஸ்போர்ட்பட்டன் என்று பண்புகள் முறையாகவே இருக்கின்றன. யூசரின் அனுமதியைப் பார்த்து இரண்டையும் ஃபால்ஸ் ஆக்குங்கள். வலது க்ளிக் மெனுவுக்கு ஷோகான்டெக்ஸ்ட்மெனு என்று தனிப் பண்பு உண்டு, அதையும் அணையுங்கள். இவை மூன்றும் தோற்றத்துக்கு. தடுப்புக்கு, பிரிண்ட், ரிப்போர்ட்எக்ஸ்போர்ட் என்ற இரண்டு ஈவென்ட்களிலும் அதே அனுமதிச் சோதனையைக் கூப்பிட்டுக் கேன்சல் செய்யுங்கள். 'அதே' என்பதைக் கவனியுங்கள். சீட்டுக்கு ஒன்று, பட்டியலுக்கு ஒன்று என்று இரண்டு சோதனை எழுதினால் ஆறு மாதத்தில் இரண்டும் வேறு வேறு பதில் சொல்லும். 'இந்த யூசர், இந்த ரிப்போர்ட், இந்தச் செயல்' என்று மூன்று விவரம் வாங்கி, ஆம் அல்லது இல்லை என்று சொல்லும் ஒரே ஃபங்ஷன் போதும். பார்ப்பது, அச்சிடுவது, மறுபிரதி எடுப்பது, எக்ஸ்போர்ட் செய்வது என்று செயல்களைத் தனித்தனியாக வையுங்கள். 'பிரிண்ட் உள்ளவருக்கு எக்ஸ்போர்ட்டும் இருக்கட்டுமே' என்று ஒன்றாகக் கட்டிவிடாதீர்கள். காகிதம் ஒரு பிரதி. எக்செல் கோப்பு எத்தனை பிரதியாகவும் ஆகும், அதில் எண்ணையும் மாற்றலாம்.

வேறு கருவி வைத்திருக்கும் வாசகர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சுருக்கமாக: கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ் வியூவரிலும் ஷோபிரிண்ட்பட்டன், ஷோஎக்ஸ்போர்ட்பட்டன் உண்டு. இரண்டையும் அணைத்துவிட்டு, வியூவருக்கு வெளியே சொந்தப் பட்டன் வைத்து, சோதனைக்குப் பிறகு பிரிண்ட்டுபிரிண்டரைக் கூப்பிடுவதுதான் சுத்தமான வழி. டபிள்யூபிஎஃப் டாக்குமென்ட்வியூவரில் பட்டனை டெம்ப்ளேட்டிலிருந்து எடுத்தாலும் கன்ட்ரோல்-பி உயிரோடு இருக்கும். ஆன்பிரிண்ட்கமாண்டை ஓவர்ரைடு செய்ய வேண்டும். டெல்ஃபியில் ஃபாஸ்ட்ரிப்போர்ட் என்றால் பிரிவியூஆப்ஷன்ஸில் பட்டன்ஸ் பட்டியலிலிருந்து வேண்டாததை நீக்கலாம். ஆக்சஸில் ஆட்டோகீஸ் மேக்ரோ எழுதிக் கன்ட்ரோல்-பியைப் பிடிக்கலாம். அங்கே ரிப்போர்ட்டின் பிரிண்ட் ஈவென்ட் பிரிவியூவுக்கும் எழும் என்பதால், மேலே சொன்ன கணக்கு ஏறும் தொல்லை அங்கேயும் உண்டு.

'ஒரு சீட்டு ஒரே முறை' என்பதுதான் உங்கள் வேலையில் கடினமான பகுதி. எண்ணிக்கையைப் படித்து, பூஜ்யமா என்று பார்த்து, பிறகு ஒன்று என்று எழுதுவது சரிப்படாது. அனுமதி உள்ள இருவரும் ஒரே நேரத்தில் அழுத்தினால் இருவருக்குமே பூஜ்யம் தெரியும், இரண்டு சீட்டு வரும். படிப்பதையும் எழுதுவதையும் ஒரே அப்டேட் கட்டளையாக்குங்கள்: 'அச்சு எண்ணிக்கை பூஜ்யமாக இருந்தால் மட்டும் ஒன்று என்று மாற்று.' எத்தனை வரிசை மாறியது என்று டேட்டாபேஸ் சொல்லும். ஒன்று என்றால் அச்சிடு, பூஜ்யம் என்றால் வேறு யாரோ முந்திக்கொண்டார். பிகின்பிரிண்ட்டில் இந்தக் கட்டளை ஓடி, அதன் பதிலை வைத்துத்தான் கேன்சல் முடிவாக வேண்டும். ஆவணம் பாதியில் பிழை வந்து நின்றால் அந்த எண்ணை ரகசியமாகப் பூஜ்யத்துக்குத் திருப்பாதீர்கள். 'முயன்றது, தவறியது' என்று பதிவாகட்டும்.

ஏனென்றால் மென்பொருளுக்குத் தெரிவது, வேலை ஸ்பூலரிடம் (அச்சு வேலைகளை வரிசைப்படுத்திப் பிரிண்டருக்கு அனுப்பும் விண்டோஸ் பகுதி) ஒப்படைக்கப்பட்டது என்பது மட்டுமே. அதற்கப்புறம் காகிதம் சிக்கலாம், டோனர் தீர்ந்து பாதி வெளுத்து வரலாம், வேறு யாரோ சீட்டை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். 'ஒரே முறை' என்பதை இரும்புச் சட்டமாக்கினால், முதல் காகிதச் சிக்கலிலேயே யாராவது உங்களுக்குப் போன் செய்து டேட்டாபேஸில் எண்ணைக் கையால் மாற்றச் சொல்வார்கள். அது பழக்கமாகிவிட்டால் கட்டுப்பாடே இல்லை. அதனால் மறுபிரதி என்ற வழியை நீங்களே திறந்து வையுங்கள்: காரணம் எழுத வேண்டும், இன்னொருவர் ஒப்புக்கொள்ள வேண்டும், அச்சாகும் சீட்டின் மேல் 'மறுபிரதி 1' என்று பெரிதாக வர வேண்டும். நிர்வாகம் உண்மையில் பயப்படுவது ஒரே சீட்டு இரண்டு அசலாக வெளியே உலவுவதைத்தான். மறுபிரதி என்று அச்சானது அசலாக நடிக்க முடியாது.

பிரதிகள் எண்ணிக்கையையும் பாருங்கள். டயலாக்கில் பத்து காப்பி என்று போட்டால் பிகின்பிரிண்ட் ஒரு முறைதான் எழும், காகிதம் பத்து வரும். பிரிண்டர்செட்டிங்ஸில் காப்பீஸை நீங்களே ஒன்று என்று வைத்துவிட்டு அனுப்புங்கள். இன்னும் நல்லது, பிரிண்ட்டயலாக்கையே காட்டாமல் குறிப்பிட்ட பிரிண்டருக்கு நேராக அனுப்புவது. காட்டியே ஆக வேண்டுமென்றால் அலோபிரிண்ட்டுஃபைலை ஃபால்ஸ் ஆக்குங்கள். அதோடு, விண்டோஸ் 10 முதல் 'மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்' என்ற பிரிண்டர் கணினியோடே வருவதை மறக்க வேண்டாம். அது பிரிண்டர் பட்டியலில் சாதாரணப் பிரிண்டராகத்தான் தெரியும். உங்கள் சோதனைக்கு அது 'பிரிண்ட்டுபிரிண்டர்'. அதன் பெயரைப் பார்த்துத் தடுப்பதும் பயனில்லை, பிரிண்டர் பெயரை மாற்ற முடியும். அனுமதித்த பிரிண்டர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு, அதில் இல்லாத எதற்கும் போகவிடாதீர்கள்.

எக்செல் விஷயத்தில் ஒரு வேண்டுகோள். எக்ஸ்போர்ட் செய்பவர்களைக் குற்றவாளிகளாகப் பார்க்கத் தொடங்குமுன், எதற்காகச் செய்கிறார்கள் என்று போய்க் கேளுங்கள். பெரும்பாலும் மொத்தத்தைச் சரிபார்க்கவோ, பிரிவுவாரியாகக் கூட்டவோ, போன மாதத்தோடு ஒப்பிடவோ இருக்கும். உங்கள் ரிப்போர்ட்டில் அது இல்லாததால்தான் எக்செலுக்குப் போகிறார்கள். பெயரும் வங்கிக் கணக்கு எண்ணும் இல்லாத ஒரு பிரிவுவாரித் தொகைப் பட்டியலைக் கொடுத்து, அதற்கு மட்டும் எக்ஸ்போர்ட்டைத் திறந்துவிடுங்கள். தேவையை அடைக்காமல் வழியை மட்டும் அடைத்தால், அவர்கள் திரையைப் பார்த்துக் கையால் எக்செலில் அடிப்பார்கள். அப்போது தப்பான எண்களும் சேர்ந்துகொள்ளும்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், எனக்கு இதுதான் பெரிய கவலை. உங்கள் மென்பொருள் டேட்டாபேஸோடு நேராகப் பேசுகிறதா? கனெக்ஷன் ஸ்ட்ரிங் (டேட்டாபேஸுக்குள் நுழையத் தேவையான விவரங்கள் உள்ள வரி) கணினியில் கான்ஃபிக் கோப்பில் வெறும் எழுத்தாக இருக்கிறதா? அப்படியென்றால் நோட்பேடில் அதைத் திறந்து பார்த்தவர், எக்செலின் டேட்டா மெனுவிலிருந்து நேராகச் சம்பள டேபிளுக்கே போய்விடலாம். பிரிவியூ, பட்டன், பிகின்பிரிண்ட் எதுவும் அந்த வழியில் குறுக்கே வராது. பார்க்கும் உரிமை மட்டும் உள்ளவருக்கு எந்த வரிசைகள், எந்த நெடுவரிசைகள் போக வேண்டும் என்பது சர்வர் பக்கத்தில் முடிவாக வேண்டும். நடுவில் ஒரு சர்வீஸ் வைக்க முடிந்தால் வையுங்கள். அது பெரிய வேலை என்றால் குறைந்தது டேபிள்களின் மேல் நேரடி உரிமையை எடுத்துவிட்டு, ஸ்டோர்டு ப்ரொசீஜர்கள் (டேட்டாபேஸுக்குள்ளேயே எழுதி வைத்த கட்டளைத் தொகுப்புகள்) வழியாக மட்டும் தரவு வரும்படி செய்யுங்கள். ஒவ்வொருவரும் சொந்த விண்டோஸ் கணக்கில் உள்ளே வரட்டும். அச்சு எண்ணிக்கையை மாற்றும் அந்த அப்டேட்டும் அப்படியொரு ப்ரொசீஜருக்குள்தான் இருக்க வேண்டும், அனுமதிச் சோதனையோடு சேர்த்து. இதையும் பிரிவியூ சாளரத்தையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாதென்றால், இதை முதலில் செய்யுங்கள்.

அப்புறம் ஸ்க்ரீன்ஷாட். முடியும், ஓரளவுக்கு. விண்டோஸ் 7 முதல் செட்விண்டோடிஸ்ப்ளேஅஃபினிட்டி என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. உங்கள் பிரிவியூ ஃபார்முக்கு அதைக் கூப்பிட்டால், ஸ்க்ரீன்ஷாட்டில் அந்தச் சாளரம் இருக்கும் இடம் கறுப்பாக வரும். விண்டோஸ் 10-இன் 2004 என்ற எண்ணுள்ள பதிப்பிலிருந்து (அது ஆண்டு அல்ல), படத்தில் சாளரமே வராமல் செய்யும் மதிப்பும் சேர்ந்தது. இரண்டு வரி கோட்தான், போட்டு வையுங்கள். ஆனால் மேலாளரிடம் இரண்டு விஷயம் சொல்லிவிட்டுப் போடுங்கள். திரையைக் கைபேசியில் படம் பிடிப்பதை இது தடுக்காது. மைக்ரோசாஃப்ட்டின் ஆவணமே இது முழுப் பாதுகாப்புக்கு உத்தரவாதம் இல்லை என்று இதே உதாரணத்தோடு சொல்கிறது. மற்றொன்று, தொலைவிலிருந்து திரையைப் பகிர்ந்து உதவி செய்யும்போது உங்களுக்கும் அந்தச் சாளரம் தெரியாது.

இதைவிட நான் மதிப்பது, திரையில் என்ன காட்டுகிறோம் என்பதைக் குறைப்பது. பிரிவியூவில் வங்கிக் கணக்கு எண்ணின் கடைசி நாலு இலக்கம் போதும். முழு எண் அச்சுக்கு மட்டும் வரட்டும். பிகின்பிரிண்ட்டில் வந்த பிரிண்ட்ஆக்ஷனை ஒரு மாறியில் வைத்துக்கொண்டால், பிரிண்ட்பேஜில் அதைப் பார்த்து இரண்டையும் வேறு வேறாக வரையலாம். அதே இடத்தில், பிரிவியூவுக்கு மட்டும், பக்கத்தின் குறுக்கே வெளிர் சாம்பல் நிறத்தில் பார்ப்பவரின் யூசர் பெயரும் தேதியும் நேரமும் வரட்டும். கைபேசியில் எடுத்த படத்திலும் அது இருக்கும். தன் பெயர் எழுதிய பக்கத்தை யாரும் சும்மா அனுப்பிவிட மாட்டார்கள். எழுத்தைப் படிக்க முடியாத அளவுக்கு அடர்த்தியாகப் போடாதீர்கள், பார்க்கும் உரிமை உள்ளவர் வேலை செய்தாக வேண்டும்.

பதிவேடு இல்லாமல் இவை எதுவும் நிற்காது. யார், எந்த ரிப்போர்ட், எந்த மாதம், எந்தக் கணினி, எந்தப் பிரிண்டர், எத்தனை பக்கம், மறுபிரதி என்றால் காரணம், இவ்வளவும் உங்கள் டேபிளில் எழுதுங்கள். மறுக்கப்பட்ட முயற்சிகளையும் எழுதுங்கள். விண்டோஸிலும் ஒரு பதிவு உண்டு: ஈவென்ட் வியூவரில் பிரிண்ட்சர்வீஸின் ஆபரேஷனல் பதிவு. வழக்கமாக அணைந்தே இருக்கும், இயக்கிவிட்டால் அச்சான ஒவ்வொரு வேலையும் 307 என்ற எண்ணோடு பதிவாகும். உங்கள் மென்பொருளின் கணக்கையும் இதையும் மாதம் ஒரு முறை ஒப்பிட்டால், உங்கள் கதவு வழியாக வராத அச்சு ஏதாவது இருந்தால் தெரிந்துவிடும். ஒப்பிடுவதற்கு டாக்குமென்ட்நேம் பண்பில் சீட்டின் வரிசை எண்ணைப் போடுங்கள். ஊழியரின் பெயரைப் போட வேண்டாம், பிரிண்டர் வரிசையைத் திறந்து பார்க்கும் யாருக்கும் அந்தப் பெயர் தெரியும். பதிவில் வேலையின் பெயர் வராவிட்டால், வேலைப் பெயரைப் பதிவில் அனுமதிக்கும் குரூப் பாலிசி ஒன்று பிரிண்டர்கள் பகுதியில் இருக்கிறது, அட்மினிடம் கேளுங்கள்.

கடைசியாகப் பிடிஎஃப். அதில் இரண்டு வகைப் பாஸ்வேர்டு உண்டு. கோப்பைத் திறக்கவே கேட்பது ஒன்று. 'திறக்கலாம், ஆனால் அச்சிடக் கூடாது' என்று குறிப்பு வைப்பது இன்னொன்று. நீங்கள் கேட்பது இரண்டாவது வகையைத்தான் என்று நினைக்கிறேன். அதை நம்பாதீர்கள். திறக்கும் பாஸ்வேர்டு இல்லாத கோப்பின் உள்ளடக்கத்தை எந்த மென்பொருளும் படிக்க முடியும். 'அச்சிடாதே' என்ற குறிப்பை மதிப்பதும் மதிக்காததும் அந்த மென்பொருளின் விருப்பம். மதிக்காதவை இருக்கின்றன. சீட்டை ஊழியருக்கு மின்னஞ்சலில் அனுப்புகிறீர்கள் என்றால் திறக்கும் பாஸ்வேர்டு போடுங்கள், ஆளுக்கு ஒன்று, அதே மின்னஞ்சலில் எழுதாமல். அவர் தன் சீட்டைத் தன் வீட்டில் எத்தனை முறை அச்சிட்டாலும் தவறில்லை. கணக்குப் பிரிவில் பார்ப்பதற்கென்றால் பிடிஎஃப் கோப்பே உருவாக வேண்டாம். உருவான கோப்பு டெம்ப் ஃபோல்டரிலோ டவுன்லோட்ஸிலோ தங்கிவிடும், அதை யார் துடைக்கிறார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. உங்கள் மென்பொருள் இப்போதே எங்காவது அப்படித் தற்காலிகக் கோப்பு எழுதுகிறதா என்று, பயன்பாட்டில் இருக்கும் ஒரு கணினியின் டெம்ப் ஃபோல்டரை இந்த வாரமே திறந்து பாருங்கள்.